கொடி வரைக்கும் சொன்ன கதை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதிக் காரணம் சோம்பேறித்தனம். ஒன்பதாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வெட்டிய துணிக் கட்டுகளின் மேல் சாக்பீஸால் எழுதிய எஸ், எம், எல், எக்ஸ்எல்தான். அதிலும் எஸ்ஸைத் திருப்பிப் போட்டு ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். மீதிப் பாதிக் காரணம் என் கூட வேலை செய்யும் ஒடிசாக்காரன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை எழுதினால் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் ஒரு கதையின் முடிவு அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த முடிவை அவனிடம் சொல்லாமல் இத்தனை நாள் ஏதேதோ பேசி ஒப்பேற்றி வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் துடைப்பம் ஒரு பாலித்தீன் பையில் போய் முட்டியது. அதற்குள் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. நாங்கள் பாய் என்று கூப்பிட்டவருடையது. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் போட்டது. அது அசலா டூப்ளிகேட்டா என்பது எங்களுக்குள் கடைசிவரை தீராத வழக்கு. அசல்தான் என்று பாய் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். “அசல்ல எழுத்து இப்படிக் கோணிக்கிட்டு இருக்காதுங்க பாய்” என்பேன் நான். “உனக்கு எழுத்தப் பத்தி என்னலே தெரியும்?” என்று வாயை அடைத்துவிடுவார். பையைத் திறந்தால் இன்னும் லேசாக அத்தர் வாசம் வருகிறது. அல்லது வருகிறது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். என் கால் சின்னது. எனக்கு அது சேராது. ஒடிசாக்காரனுக்கு அளவெடுத்ததுபோல் சேரும். அவன் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

பாய் எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருக்கிறது கம்பெனி. அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டிங் ஹாலில் வேலை செய்கிறவர்களை மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் மாவு மில்லில் இருந்து வந்தவர்கள் போல இருப்போம். பஞ்சுத் தூசி புருவம், மீசை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். பாய் மட்டும் டீ நேரத்துக்கு முன்னால் குழாயடிக்குப் போய் முகம் கழுவி, சீப்பால் ஒரு இழு இழுத்து, சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து இரண்டு மணிக்கட்டிலும் அத்தர் தடவிக்கொண்டு வருவார். எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடி ஆன சட்டைகளைக் காதர்பேட்டையில் தேடித் தேடி வாங்கி, இஸ்திரி மடிப்புக் கலையாமல் போடுவார். மழை பெய்தால் ஷூவைக் கழற்றிப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் சேற்றில் நடப்பார். கால் நனையலாம், ஷூ நனையக்கூடாது.

“ஏனுங்க பாய், துணி வெட்டப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்று தினமும் ஒருதடவையாவது கேட்காவிட்டால் எனக்கு டீ இறங்காது. “ரெண்டும் ஒண்ணுதாம்லே. அளவு தப்பினா வாழ்க்க போச்சு” என்பார்.

ஆனால் துணி விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. பனியன் துணி வேட்டி மாதிரி நெய்தது அல்ல, பின்னியது. உருளையில் சுற்றும்போது இழுத்துச் சுற்றிவிடுவார்கள். பிரித்த உடனே வெட்டினால் மேசையில் அளவு சரியாகத்தான் இருக்கும், எடுத்த பிறகு உள்ளுக்குள் சுருங்கிப் போகும். அதனால் உருளையைப் பிரித்து, தளர்வாக மடித்து, ஒரு ராத்திரி அப்படியே போட்டுவைக்க வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் அதற்கு ரிலாக்ஸ் என்று பெயர். பாய் மட்டும் ‘தூங்கப் போடுறது’ என்பார். ஷிப்மெண்டுக்கு நேரமாகிவிட்டதென்று மேனேஜர் வந்து குதிக்கும்போதுகூட அசைய மாட்டார். “தூங்குற பிள்ளைய எழுப்பி அளவெடுத்தா சட்ட பத்தாது சார். அது தூங்கி எந்திரிக்கட்டும்” என்பார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு போவார். பாய் துணி மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார்.

அந்தக் கதை என் வாய்த்துடுக்கால் வந்தது. ஒருநாள் டீ நேரத்தில் அவர் அத்தர் தடவிக்கொண்டிருந்தபோது, “இத்தன மினுக்கு மினுக்குறீங்களே, உங்க சாமி ஒண்ணும் சொல்லாதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். பாய் சிரித்தார். டீ கிளாஸைக் கட்டிங் மேசையின் ஓரத்தில் வைத்தார். துணி இருக்கும்போது அந்த மேசையில் கிளாஸ் வைத்தால் கையை வெட்டுகிற ஆள் அவர். அன்றைக்கு மேசை காலியாக இருந்தது.

“மக்கால ஒருத்தர் இருந்தாக. முஸ்அப்னு பேரு. நீ என்னயப் பாத்துக் கிண்டல் பண்ணுதியே, அவுகளப் பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்ப. பெரிய வீட்டுப் பிள்ள. அவுக அம்மாவுக்குப் பணம்னா பணம், அப்படிப் பணம். மகனுக்கு ஊருலயே கிடைக்காத துணி. ஏமன் தேசத்துல இருந்து செருப்பு. அவுக ஒரு தெருவழியா நடந்து போனா, போனதுக்கப்புறமும் வாசன அங்கனயே நிக்குமாம்.”

“உங்களுதாட்டவே டூப்ளிகேட் அத்தருங்களா?”

“வாய மூடிட்டுக் கேளுலே.”

ஒடிசாக்காரன் பிஸ்கட்டை டீயில் முக்கியபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாதிதான் புரியும். மீதியைப் பாயின் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வான்.

அந்தப் பையன் நபியின் பேச்சைக் கேட்டு மனம் மாறினார் என்றார் பாய். அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தார். தெரிந்ததும் அம்மா பெற்ற பிள்ளையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். அவர் தப்பித்துக் கடல் தாண்டிப் போனார். திரும்பி வந்தபோது, அந்தப் பேச்சை விட்டுவிடு, இல்லாவிட்டால் என் சொத்தில் ஒரு நூல்கூட உனக்கில்லை என்றாள் அம்மா. போட்டிருந்ததை விட்டுவிட்டு வந்தார். பட்டில் வளர்ந்த உடம்பில் ஒட்டுப் போட்ட முரட்டுத் துணி. வெயிலில் தோல் உரிந்தது. அவர் அப்படி நடந்துவருவதைப் பார்த்த கூட்டாளிகள், முன்னால் இருந்த இருப்பை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சாமி கும்புடறதுக்கும் துணிக்கும் என்னங்க பாய் சம்பந்தம்? ரெண்டையும் வச்சுக்க வேண்டியதுதானுங்களே?” என்று கேட்டேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்.

“அவுக வச்சுக்கத்தாம்லே நினச்சிருப்பாக. அம்மா விடல. ஒண்ணு இது, இல்லன்னா அதுன்னுட்டா. அவுக இதுன்னுட்டாக. அம்புட்டுத்தான்.” பாய் தன் சட்டைக் கையின் மடிப்பை ஒருதடவை நீவிவிட்டார். “என்னய அப்படிக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியல. அதான் அவுகள எனக்குப் பிடிக்கும்.”

பிறகு நபி அவரை மதீனாவுக்கு முதல் ஆளாக அனுப்பினார். தெரியாத ஊர். கத்தி இல்லை, காசு இல்லை. வாய்ப்பேச்சும் நல்ல குணமும்தான். அடிக்க வந்தவனைக்கூட, உட்கார்ந்து கேளுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுகிறேன் என்பாராம். கொஞ்ச காலத்தில் அந்த ஊரே அவர் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு உஹத் என்ற மலையடியில் சண்டை வந்தது. இந்த இடத்தில் பாய் எழுந்து நின்றுவிட்டார். “அம்புட்டுப் பேரு இருக்காக. பெரிய பெரிய வீரன்லாம் இருக்காக. கொடிய யாரு கையில குடுத்தாக தெரியுமா? அவுக கையில.”

அவ்வளவுதான். கிளாஸை எடுத்து ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன, மணியடிச்சாச்சு.”

ஒடிசாக்காரனுக்கு விடத் தெரியாது. “பாய், லாஸ்ட்ல ஹீரோ ஜெயிச்சா?” என்று கேட்டான். பாய் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஜெயிச்சாச்சுலே. வா, வேலையப் பாப்போம்” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். புதிதாக யார் வேலைக்கு வந்து அத்தரைக் கிண்டல் செய்தாலும் அதுதான் பதில். ஒவ்வொரு தடவையும் துணியின் நிறம் மாறும், செருப்பின் வேலைப்பாடு கூடும். ஆனால் கொடி வந்ததும் நின்றுவிடும். ‘இன்டர்வெல் பாய்’ என்று நான் பட்டப்பெயர்கூட வைத்தேன். பாதிப் படத்தில் வெளியே அனுப்புகிற தியேட்டருக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு வேலை இருந்தது. மற்றக் கம்பெனிகளெல்லாம் போனஸ் கொடுத்துப் பூட்டியாகிவிட்டது. தெற்கத்தி ஆட்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள், திருப்பூரே காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது. மூன்று நாளாக விடாத மழை. வேலை முடிந்து பாயும் நானும் கேட்டைத் தாண்டி வந்தோம். அவர் வழக்கம்போல் ஷூவைப் பையில் போட்டுக் கையில் தூக்கியிருந்தார். பக்கத்துக் குடோனின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. வடநாட்டுப் பையன்கள் தங்குகிற இடம். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒடிசாக்காரன் மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தான். சுவர் விழுந்த சத்தம் எனக்கு முதலில் பட்டாசு என்றுதான் பட்டது. பாய்க்கு உடனே தெரிந்துவிட்டது.

“ஏலே, இதப் புடி” என்று பையை என் நெஞ்சில் அழுத்திவிட்டு ஓடினார்.

தகரத்தைத் தூக்கி, அதன் அடியில் கிடந்தவனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே தள்ளினார். நான் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து பாதி வழி போவதற்குள், நின்றுகொண்டிருந்த மீதிச் சுவரும் வந்துவிட்டது. அதன் சத்தம் பட்டாசு மாதிரி இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து கல்லை எடுத்தோம். எடுத்து முடிக்கும்போது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பை அப்போதும் என் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்துக் கொடுக்க மறுநாள் மத்தியானம் தாண்டிவிட்டது. தீபாவளி நாள். வழியெல்லாம் வெடித்த காகிதம் மழையில் ஊறிக் கிடந்தது. பாயின் வீடு கம்பெனியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு லைன் வீட்டில். அங்கே ஒரு சின்னப் பள்ளிவாசல் உண்டு. அதில் தொழவைக்கும் ஹஜ்ரத் பல்லடத்துக்காரர். இருட்டுவதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும், தோண்டிய குழியில் தண்ணீர் ஊறுகிறது என்றார். உடம்பைச் சுற்றுகிற வெள்ளைத் துணியை அவர்கள் கஃபன் என்கிறார்கள். எப்போதும் டவுனில் ஒரு கடையில் வாங்குவார்களாம். அன்றைக்குக் கடையெல்லாம் பூட்டு. கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி வாங்கி வரலாம் என்று ஒருவர் கிளம்பினார்.

எங்கள் மேனேஜருக்குத்தான் அது தாங்கவில்லை. உடுமலைப்பேட்டையில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்க, மனுஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். “ஏனுங்க, இந்த ஆளு வெட்டுன துணிய உலகமே போட்டுக்கிட்டுத் திரியுது. இவருக்குத் துணி வெளிய போய் வாங்கறதாங்க?” என்றார். ஹஜ்ரத் கொஞ்சம் யோசித்து, சுத்தமான வெள்ளையாக இருந்தால் போதும் என்றார். ஒரு சணல் கயிற்றில் பாயின் உயரத்தை அளந்து, மேலும் கீழும் கொஞ்சம் கூட்டி, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். “இந்த நீளத்துக்கு மூணு துண்டுங்க தம்பி. கட்டறதுக்கு நாலஞ்சு நாடா.”

மேனேஜர் குடோனைத் திறந்து இருப்பதிலேயே உயர்ந்த வெள்ளை உருளையை எடுத்துக் கொடுத்தார். பாலில் நனைத்ததுபோல் இருக்கும், வெளிநாட்டுக்குப் போகிற லைக்ரா துணி. நானும் எங்கள் டெய்லர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பாயின் மேசையில் பிரித்தோம். ஒரு சுருக்கம் தெரியக்கூடாது என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தோம். கயிற்றை வைத்துப் பார்த்து, மூன்று அடுக்காகப் போட்டு, அவர் மிஷினிலேயே வெட்டினோம். பனியன் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். அதையும் சீராக அரிந்து எடுத்தோம். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை நாங்கள் அந்த ஹாலில் செய்ததே இல்லை. அரிந்த ஓரத் துண்டுகளைக் கீழே போட மனமில்லாமல் முழங்கையில் தொங்கிய ஷூப் பையிலேயே போட்டுக்கொண்டேன். மேனேஜர் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி ஊருக்குப் பஸ் ஏறினார். துணியைத் தூங்கப் போடவில்லை என்பது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாயைக் குளிப்பாட்டி, கற்பூரம் போட்டு, அத்தர் தடவி வைத்திருந்தார்கள். விரித்த துணியில் படுக்கவைத்து ஹஜ்ரத் இரண்டு பக்கமும் மடித்தார். தலையை மூடினார். கால் வெளியே இருந்தது. கொஞ்சம் கீழே இழுத்தார். கால் மறைந்தது, நெற்றி தெரிந்தது. லைக்ராத் துணி, இழுத்தால் வரும், விட்டால் திரும்பிப் போகும். அவர் இழுத்தார், அது திரும்பிப் போனது. மறுபடியும் இழுத்தார். முந்தின நாள் வெறுங்காலோடு ஓடிய கால். எவ்வளவு கழுவியும் நகத்தடியில் செம்மண் போகாமல் இருந்தது.

டெய்லர்தான் முதலில் வாயைத் திறந்தார். “எங்கூட்டுல மிஷின் இருக்குதுங்க. ஒரு துண்டச் சேத்து ஓவர்லாக் அடிச்சுக் கொண்டாந்தர்றேனுங்க. அஞ்சே நிமிசம்.”

“தைக்கற வழக்கமில்லீங்க” என்றார் ஹஜ்ரத்.

அறையில் நின்ற அத்தனை பேரும் தையலில் சோறு தின்கிறவர்கள். ஒரு தையல் போட வழியில்லை. லைன் வீட்டுக்காரர் ஒருவர் போய் தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியை, லேபிள்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து நீட்டினார். “கட்டவே இல்லீங்க. கரைய மட்டும் கிழிச்சுட்டாப் போதுமுங்க.” ஹஜ்ரத் வேட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் பிரிக்கவில்லை. பாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “உங்க பாய் கம்பெனில முஸ்அப் கதை சொல்லுவாருன்னு கேள்விப்பட்டிருக்கேனுங்க தம்பி. இதச் சொல்லியிருக்காருங்களா?” என்றார்.

“கொடி வரைக்குந்தானுங்க சொல்லுவாரு” என்றேன்.

ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார். பிரசங்கம் மாதிரி இல்லை, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். கொடியைப் பிடித்திருந்த வலது கையை வெட்டினார்கள். இடது கையில் மாற்றிக்கொண்டார். அதையும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட இரண்டு கைகளின் மிச்சத்தால் கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்படியே ஈட்டியால் குத்தி விழவைத்தார்கள். சண்டை முடிந்து அடக்கம் செய்ய வந்தபோது, மக்காவிலேயே அவரைப்போல் உடுத்தியவர் கிடையாது என்ற அந்த மனிதருக்கு மேலே போர்த்த ஒரே ஒரு கம்பளித் துண்டுதான் இருந்தது. “தலைய மூடுனா காலு தெரிஞ்சுதுங்க. கால மூடுனா தலை தெரிஞ்சுது. தலைய மூடிட்டு, காலுக்குப் புல்லு போடுங்கன்னுட்டாங்க நபி. பாலைவனத்துல மொளைக்கற ஒரு வாசனைப் புல்லுங்க அது.”

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவியின் குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல். “அத அவுக வெளிய சொல்லமாட்டாகங்க. கொடிக்கு மேல சொன்னா அழுதுருவாக. ஆம்பளைய முன்னால அழக்கூடாதுன்னு கொடியோட நிறுத்திருவாக.” பிறகு, “வேட்டி வேண்டாங்க. அவுக மேசையில வெட்டுன துண்டு எதும் இருந்தா, அதையே கால்ல போட்டுருங்க” என்றார்.

ஷூவை வெளியே எடுத்துவிட்டு நான் பையைக் கவிழ்த்தேன். வெள்ளை ஓரங்கள், கைநீளம், முழநீளம், சுருண்டு சுருண்டு ஒரு குவியல். ஊரில் மூலைக்கு மூலை மூட்டையாய்க் கிடக்கிற பனியன் வேஸ்ட். மிஷின் துடைக்கவும், எண்ணெய்க் கையைத் துடைக்கவும் எடுக்கிற சரக்கு. ஹஜ்ரத் அதில் ஒரு பிடியை எடுத்துப் பார்த்தார். “அந்த ஊருல அது மொளைச்சுது. நம்மூருல இதுதானுங்க மொளைக்குது” என்றார். பாயின் குப்பியிலிருந்து மிச்சமிருந்த அத்தரை அதில் தெளித்தார். நாங்கள் ஆளுக்கொரு பிடியாக அந்தக் காலைச் சுற்றி வைத்தோம். விரலுக்கிடையில், குதிகாலுக்கடியில், கணுக்காலுக்கு மேல். மூடி முடித்ததும் நாடாவைக் கட்டினார். வேட்டிக்காரர் வேட்டியை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அதைச் சந்தூக் என்கிற அவர்களுடைய பாடையின் மேல் விரித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

குழியில் ஊறியிருந்த தண்ணீரை ஒருவர் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். இறக்கும்போது தூரத்தில் வாணம் போய் வெடித்தது. திரும்பி வரும் வழியில் ஹஜ்ரத் என்னோடு நடந்தார். இடிபாட்டில் சிக்கிச் சாகிறவரையும் எங்கள் மார்க்கத்தில் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி என்றுதான் சொல்வோம், முஸ்அபையும் அப்படித்தான் சொல்கிறோம் என்றார். முஸ்அபோடு கஷ்டப்பட்ட ஒருவர் பிற்காலத்தில் பெரிய பணக்காரர் ஆனாராம். நல்ல சாப்பாடு முன்னால் வரும்போதெல்லாம், அந்தக் கால் மூடாத துணி ஞாபகம் வந்து, அழுதுகொண்டு தட்டைத் தள்ளிவிடுவாராம். அன்று ராத்திரி என் முன்னால் தீபாவளிப் பலகாரத்தை வைத்தார்கள். எனக்கு அந்தப் பணக்காரரை முன்பின் தெரியாது. ஆனால் நானும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

தோள்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒடிசாக்காரனுக்கு அடக்கம் நடந்த எதுவும் தெரியாது. பாய் இல்லை என்று மட்டும்தான் சொன்னோம். கட்டு அவிழ்த்து, கை பழைய நிலைக்கு வந்து, அவன் மறுபடியும் மேசைக்கு வந்து நின்ற நாளில் கேட்டான். “கதைல ஹீரோ ஜெயிச்சாச்சு. பாய் ஏன் ஜெயிக்கல?” எதையும் கிண்டலாக்கிவிடுகிற வாய் எனக்கு. அன்றைக்கு “ஷிப்மெண்ட்டு நிக்குது, துணியப் புடிடா” என்றேன். அதற்குப் பிறகும் எப்போதாவது கேட்பான். அந்தக் கதையில் கொடி பிடித்தவர் சிரித்துக்கொண்டே மலையிலிருந்து இறங்கி வருவதாக அவன் நினைத்துவைத்திருக்கிறான். தனக்காக ஒருவர் செத்த பாரத்தை அந்தச் சிரிப்பை வைத்துத்தான் தாங்குகிறான் என்று எனக்குப் பட்டது. அதை எப்படி நான் பிடுங்குவது?

பாயின் மனைவி பிள்ளைகளோடு சொந்த ஊருக்குப் போன அன்றைக்கு, ஷூவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கவில்லை. “உங்க கையிலதான குடுத்துட்டுப் போனாக. நீங்களே வச்சுக்கோங்க” என்றார். இப்போது வேறொரு கட்டிங் மாஸ்டர். நல்ல மனிதர்தான், சீப்பு வைத்துக்கொள்ளாதவர். துணியை ஒரு ராத்திரி போட்டுவைக்க அவரும் தவறுவதில்லை, ஆனால் ரிலாக்ஸ் என்கிறார். உருளையைப் பிரிக்கும்போது நானும் ஒடிசாக்காரனும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். “தூங்கட்டும்” என்பான் அவன்.

ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை துடைப்பத்தில் தட்டுப்பட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. பாய் பாதியைச் சொன்னார். மீதியை அவர் காலில் நாங்கள் பார்த்தோம். அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் சொல்லாவிட்டால் அந்த வெள்ளைத் துண்டுகள் வெறும் வேஸ்ட்டாகவே போய்விடும் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். ஒடிசாக்காரன் இப்போது தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறான். எழுதியதையெல்லாம் போனில் வாசித்து, துண்டு துண்டாக வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். கொடி வரைக்கும் வாசித்துவிட்டு ஒருதடவை நிறுத்தினேன். பிறகு மீதியையும் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு, ஷூவை வெளியே எடுத்து ஒரு பனியன் துண்டால் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. சேறு படாமல் இருக்கத்தானே என் கையில் கொடுத்தார். கோணல் எழுத்தைப் பார்த்தேன். டூப்ளிகேட்தான், சந்தேகமே இல்லை. மறுபடியும் பையில் போட்டு முடிச்சிட்டு அதே இடத்தில் தள்ளினேன். போனில் எல்லாத் துண்டையும் அவன் கேட்டுவிட்டதாகக் காட்டியது. கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு நடுவில் கடைசியாக அவன் குரலில் ஒரே ஒரு வரி வந்தது.

“பாய் பாதில நிறுத்தும், நீ ஏன் நிறுத்தல?”